டனலைச் சுமப்பது எந்த அட்டை?

பிராட்பேண்ட் ரவுட்டர்களின் தகவல் தாளில் “டனல் இன்டர்ஃபேஸ்களுக்கு வன்பொருள் ஆதரவு உண்டு” என்றொரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி ஒரு சேவை நிறுவனம் பல்லாயிரம் சந்தாதாரர்களை ஒரே பெட்டியின் மேல் ஏற்றிவிடுகிறது. வரியில் பொய் இல்லை. அது சொல்லாமல் விடுவதில்தான் பெட்டியின் தரம் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் வன்பொருள் பெட்டிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம், அது செத்தால் எத்தனை பேரின் இணைப்பு அறுந்துபோகும் என்பதையெல்லாம் வாங்குபவர் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வடிவமைப்புகளை எடைபோட ஜூனிபர் நிறுவனத்தின் ரவுட்டர் வரிசைகளை எடுத்துக்கொள்கிறேன். டனலுக்கென்றே தனி அட்டை, சாதாரண அட்டையிலேயே பகிர்ந்துகொள்ளும் போர்ட், பாக்கெட்டைக் கையாளும் சிப்புக்குள்ளேயே வசதி என்ற மூன்று வழிகளிலும் அந்நிறுவனம் பெட்டிகளை விற்றிருக்கிறது. ஒப்பிட வசதியான வரலாறு அது. இடையிடையே சிஸ்கோவையும் பார்க்கலாம்.

முதலில் டனல் ஏன் வன்பொருளுக்குச் சிக்கல் என்பது தெளிவாக வேண்டும். சாதாரண போர்ட்டில் பாக்கெட் உள்ளே வருகிறது, சிப் அதன் முகவரியை அட்டவணையில் தேடுகிறது, இன்னொரு போர்ட் வழியாக வெளியே அனுப்புகிறது. ஒரு தேடல், ஒரு முடிவு. டனல் இன்டர்ஃபேஸுக்குக் கம்பி கிடையாது. வந்த பாக்கெட்டின் முகவரி ரவுட்டருக்கே உரியது என்று முதல் தேடலில் தெரிகிறது. வெளி ஹெடரை உரித்தால் உள்ளே இன்னொரு பாக்கெட் இருக்கிறது. அதற்கு வேறு முகவரி, பல சமயம் வேறு ரவுட்டிங் அட்டவணை. ஆகவே இரண்டாவது முறையும் தேட வேண்டும். ஒரே தேடலுக்காக வரிசையாகக் கோக்கப்பட்ட பழைய சிப்புகளில் இந்த இரண்டாம் சுற்றுக்கு இடமில்லை. பாக்கெட்டை எங்கேயாவது திருப்பி உள்ளே விட்டாக வேண்டும். அந்த “எங்கேயாவது” எந்த இடம் என்பதில்தான் வடிவமைப்புகள் பிரிகின்றன.

பிராட்பேண்டில் இந்தச் சிக்கல் மிகக் கடுமையாக வெளிப்படும் இடம் எல்2டிபி. 1999இல் ஆர்எஃப்சி 2661 ஆக வெளிவந்த இந்த நெறிமுறைதான் மொத்த விற்பனைப் பிராட்பேண்டின் முதுகெலும்பு. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் கம்பியை ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது, இணையச் சேவையை வேறொரு நிறுவனம் விற்கிறது. வீட்டு ரவுட்டர் தொடங்கும் பிபிபி அமர்வை பிடி ஹோல்சேல் தன் வலையமைப்பில் வாங்கி, எல்2டிபி டனலுக்குள் போட்டு, சேவை நிறுவனத்தின் பெட்டிக்கு அனுப்புகிறது. டனலில் ஏற்றி அனுப்பும் முனைக்கு எல்ஏசி என்று பெயர், பிரித்து முடிக்கும் முனைக்கு எல்என்எஸ். ஏற்றும் வேலை எளிது. உள்ளே இருப்பதைப் பார்க்காமலே மேலே ஹெடர் போட்டு அனுப்பிவிடலாம். பிரிக்கும் பெட்டிக்கோ ஒவ்வொரு அமர்வும் ஒரு தனி இன்டர்ஃபேஸ். ஒவ்வொருவருக்கும் தனி முகவரி, தனி வேக வரம்பு, தனிக் கணக்கு, தனி வடிகட்டி. டனல் வன்பொருளின் தரத்தை எல்என்எஸ் வேலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இரண்டு அலுவலகங்களை இணைக்கும் நான்கைந்து ஜிஆர்இ டனல்களை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது போதாது.

சீமென்ஸின் யூனிஸ்ஃபியர் நிறுவனத்தை 2002இல் ஜூனிபர் வாங்கியபோது அதனுடன் வந்தவை இஆர்எக்ஸ் ரவுட்டர்கள். பின்னாளில் இ-வரிசை என்று அறியப்பட்ட இந்தப் பெட்டிகள் பிராட்பேண்ட் சந்தாதாரர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் எல்2டிபி முடிப்பு, ஜிஆர்இ போன்ற வேலைகளுக்கு சர்வீஸ் மாட்யூல் என்று ஒரு தனி அட்டை இருந்தது. மற்ற லைன் அட்டைகளுக்குப் பின்னால் கம்பி செருகும் பகுதி இருக்கும், இதற்கு இருக்காது. மற்ற அட்டைகள் வாங்கிய பாக்கெட், அட்டைகளை இணைக்கும் ஃபேப்ரிக் வழியாக இதற்கு வரும். இது டனலைப் பிரித்து இரண்டாம் தேடலைச் செய்து மறுபடியும் ஃபேப்ரிக் வழியாக வெளியேறும் அட்டைக்கு அனுப்பும். பிறகு வந்த இ120, இ320 பெட்டிகளிலும் இதே எண்ணம்தான். இஎஸ்2 4ஜி லைன் அட்டையின் பின்னால் இஎஸ்2-எஸ்1 சர்வீஸ் பகுதியைச் செருகினால் அந்த அட்டை முழுதும் டனல் வேலைக்குப் போய்விடும். ஜூனிபரின் எம்-வரிசையில் இருந்த டனல் சர்வீசஸ் பிக்கும் போர்ட் ஏதும் இல்லாமல், வந்த பாக்கெட்டைத் திருப்பி விடுவதற்காகவே இருந்த துண்டு.

இந்த வடிவத்தை இன்று பலர் பழையது என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படித் தள்ள மாட்டேன். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. டனலுக்கு எவ்வளவு திறன் இருக்கிறது என்பதை அட்டையை எண்ணிச் சொல்லிவிடலாம். டனல் சுமை கூடினால் மற்ற போர்ட்டுகளின் சாதாரணப் போக்குவரத்து அந்த அட்டையில் நெரிபடாது. திறன் போதவில்லையென்றால் இன்னொரு அட்டை வாங்கிச் செருகலாம்.

விலைதான் அதிகம். இஆர்எக்ஸ்-700 வகைப் பெட்டியில் ஏழு ஸ்லாட். கட்டுப்பாட்டு அட்டைக்கு மாற்று அட்டையும் வைத்தால் அதற்கே இரண்டு போகும். மிச்சம் ஐந்து. டனல் அட்டைக்கும் ஒரு மாற்று வேண்டுமென்றால் அதில் இரண்டு போய்விடும், சந்தாதாரர் கம்பிகளுக்கும் மேல் இணைப்புக்கும் மூன்றுதான். இஆர்எக்ஸ்-310இல் நிலை இன்னும் மோசம். மூன்று ஸ்லாட்டில் ஒன்று கட்டுப்பாட்டுக்கு, மிஞ்சிய இரண்டில் ஒன்றை டனல் அட்டைக்குக் கொடுத்தால் பெட்டியின் பாதியைக் கொடுத்ததாக அர்த்தம். 14 ஸ்லாட் பெட்டியில் பன்னிரண்டு லைன் ஸ்லாட் இருப்பதால் இந்த வலி குறைவு. அதாவது தனி அட்டை பெரிய பெட்டிக்குத் தகும், சின்னப் பெட்டியை முடமாக்கும். இதோடு, ஒவ்வொரு டனல் பாக்கெட்டும் ஃபேப்ரிக்கை இரண்டு முறை கடப்பதால் ஃபேப்ரிக் திறனும் இரு மடங்கு செலவாகிறது. விலைப்பட்டியலில் தெரியாத செலவு இது.

அந்த வலியைக் குறைக்கத்தான் பகிர்ந்த போர்ட் வந்தது. இ-வரிசையிலேயே ஜிஇ-2 போன்ற சில ஈதர்நெட் அட்டைகளில், கம்பி போர்ட்டுகளுடன் கூடவே ஒரு டனல் போர்ட்டையும் அமைத்துக்கொள்ளலாம். தனி ஸ்லாட் வேண்டாம், தனி அட்டை வாங்க வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அட்டையின் பாக்கெட் கையாளும் திறன் ஒன்றுதான். மாலை ஏழு மணிக்கு மேல் வீடுகளிலெல்லாம் வீடியோ ஓடும்போது கம்பி வழிப் போக்குவரத்தும் டனல் போக்குவரத்தும் அதே திறனுக்கு அடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடும் என்பதுதான் பிராட்பேண்டின் இயல்பு. பகல் சோதனையில் குறையே தெரியாத அட்டை, இரவில் பாக்கெட்டுகளை உதிர்க்கும். எந்தப் பக்கம் நெருக்கடி என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

எம்எக்ஸ் வரிசையின் முதல் தலைமுறை அட்டைகளான டிபிசி இதே பகிர்தலை வேறு விதமாகச் செய்தன. டனலுக்கு 1 கிகாபிட்டோ 10 கிகாபிட்டோ என்று அளவைக் கட்டமைப்பிலேயே எழுத வேண்டும். நான்கு 10 கிகாபிட் போர்ட் உள்ள அட்டையில் டனலுக்கு 10 கிகாபிட் ஒதுக்கினால் ஒரு ஈதர்நெட் போர்ட் பயன்பாட்டிலிருந்தே விலகிவிடும். அப்போது பல பொறியாளர்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய போர்ட் காணாமல் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனாலும் இஆர்எக்ஸின் பகிர்ந்த போர்ட்டைவிட இதை நான் மேலாகவே வைப்பேன். நாம் கொடுக்கும் விலை இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

2009இல் ஜூனிபர் ட்ரியோ சிப்பை அறிவித்த பிறகு நிலைமை மாறியது. இந்தச் சிப் நிரலால் இயங்குவது. பாக்கெட்டை ஒரே நேர்வரிசையில் தள்ளிவிடாமல், தேவைப்பட்டால் சிப்புக்குள்ளேயே மறுசுற்றுக்கு அனுப்பும். இதைத் தாங்கிய எம்பிசி அட்டைகளில் டனல் திறனை ஒதுக்கினாலும் ஈதர்நெட் போர்ட் மறைவதில்லை. எல்என்எஸ் வேலையும் தனிச் சேவை அட்டை இல்லாமல் இதற்குள்ளேயே நடக்கிறது. சந்தாதாரர் வாரியான வேக வரம்பும் வரிசைப்படுத்தலும் அதே சிப்பில் நடப்பது பிராட்பேண்டுக்குப் பெரிய ஆதாயம். டனலைப் பிரித்த இடத்திலேயே அந்த வீட்டுக்கு எத்தனை மெகாபிட் என்ற முடிவும் எடுக்கப்படுகிறது.

சிஸ்கோ இதற்கு ஓராண்டு முன்பே, 2008இல், ஏஎஸ்ஆர் 1000 வரிசையைக் கொண்டுவந்திருந்தது. 40 செயல் மையங்கள் கொண்ட குவாண்டம்ஃப்ளோ புராசஸர் அதில் எல்லாப் பாக்கெட்டுகளையும் மையமாகக் கையாள்கிறது. அங்கே இரண்டாம் தேடல் என்பது கூடுதலாகச் சில கணிப்புச் சுழற்சிகள், அவ்வளவுதான். எந்த அட்டையில் டனலைக் கட்டுவது என்ற கேள்வியே எழாது. ஆனால் பெட்டி மொத்தத்துக்கும் அந்த மைய அட்டையின் திறன்தான் எல்லை. இதற்கு முந்தைய தலைமுறையான சிஸ்கோ 7600இன் சூப்பர்வைசர் 720 ஜிஆர்இயை வன்பொருளில் செய்தது. ஆனால் வன்பொருளில் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு டனலுக்கும் தனித்தனி மூல முகவரி வேண்டும் என்று அதன் ஆவணமே நிபந்தனை போட்டது. போகும் இடம் வேறாக இருந்தாலும் இரண்டு டனல்கள் ஒரே மூல முகவரியைப் பகிர்ந்தால், அவை மென்பொருள் பாதைக்கு இறங்கிவிடும். டனல் சாவி எண் வைத்தாலும் அதே கதிதான். “வன்பொருள் ஆதரவு உண்டு” என்ற வரி எவ்வளவு குறுகிய அர்த்தத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கட்டமைப்பு ஏற்கப்படும், டனல் எழும், பிங் போகும். சுமை ஏறிய பிறகுதான் கட்டுப்பாட்டு சிபியு மூச்சுத் திணறும்.

ஆக, உள்ளமைந்த வடிவம் வென்றுவிட்டதா? வேகத்தில் வென்றுவிட்டது. இலவசம் என்று விற்பனையாளர் சொன்னால் மட்டும் ஏற்கக் கூடாது. மறுசுற்றுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் சிப்பின் திறனை இரண்டு முறை எடுக்கிறது. போர்ட் மறையவில்லை என்பதால் திறனும் குறையவில்லை என்று ஆகாது. கம்பி வேகத்தில் எல்லாப் போர்ட்டுகளையும் நிரப்பிவிட்டு அதே சிப்பில் டனலையும் முழுதாக ஓட்டலாம் என்று திட்டமிடுபவர், பகிர்ந்த போர்ட்டின் பழைய சிக்கலை இன்னும் பெரிய அளவில் வாங்கி வைக்கிறார்.

இனி, மூன்று வடிவங்களுக்கும் பொதுவான, தகவல் தாள்கள் வாய் திறக்காத சோதனைக்கு வருகிறேன். என் கணிப்பில் டனல் வன்பொருளின் உண்மையான தேர்வு இதுதான்: துண்டான பாக்கெட்டுகளைச் சேர்ப்பது.

கணக்கு எளியது. பிபிபிஓஇ தனக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் சந்தாதாரரின் பாக்கெட் வழக்கமாக 1492 பைட் வரை இருக்கும். அதன் மேல் பிபிபி, எல்2டிபி ஹெடர்கள், 8 பைட் யுடிபி, 20 பைட் ஐபி என்று ஏறினால் 1500ஐத் தாண்டிவிடும். எல்ஏசிக்கும் எல்என்எஸ்ஸுக்கும் இடையே எங்கேனும் ஓரிடத்தில் 1500 பைட்டுக்கு மேல் போகாது என்றால், முழு அளவுப் பாக்கெட் ஒவ்வொன்றும் இரண்டாக உடையும். உடைந்த முதல் துண்டில்தான் யுடிபி, எல்2டிபி ஹெடர்கள் இருக்கும். இரண்டாவது துண்டில் வெளி ஐபி ஹெடரைத் தவிர ஒன்றும் இருக்காது. அது எந்த அமர்வுக்குரியது என்று சிப்புக்கு எப்படித் தெரியும்? முதல் துண்டு வரும்வரை பிடித்துவைக்க நினைவகம் வேண்டும், வராவிட்டால் எறிந்துவிட நேரக்கணக்கு வேண்டும், இரண்டையும் ஒட்ட வேண்டும். பாக்கெட்டைப் பார்த்த கணமே முடிவெடுத்து அனுப்பும்படி கட்டப்பட்ட வன்பொருளுக்கு இது இயல்புக்கு மாறான வேலை. அதனால்தான் பல பெட்டிகளில் டனல் பிரிப்பு வன்பொருளிலும், துண்டு சேர்ப்பு மென்பொருளிலோ வேறு அட்டையிலோ நடக்கிறது. உள்ளமைந்த வடிவிலும் இது தானாக வந்துவிடுவதில்லை. எம்எக்ஸில் எல்2டிபி துண்டு சேர்ப்பை அதற்கெனத் தனியாகக் கட்டமைக்க வேண்டியிருக்கிறது. துண்டுகளை மென்பொருள் பாதைக்கு அனுப்பும் பெட்டியை எல்2டிபிக்கு வன்பொருள் ஆதரவு உள்ள பெட்டி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழு அளவுப் பாக்கெட்டுகள்தான் பதிவிறக்கத்தின் பெரும்பகுதி. அவற்றில் தடுக்கும் பெட்டிக்குச் சின்னப் பாக்கெட்டில் எவ்வளவு வேகம் இருந்து என்ன?

துண்டே விழாமல் பார்த்துக்கொள்வது இதைவிட நல்லது. இடையிலுள்ள வலையமைப்பின் எம்டியூவை உயர்த்திவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். சொந்த வலையமைப்பில் அதைச் செய்யலாம். மொத்த விற்பனையாளரின் வலையமைப்பு குறுக்கே இருந்தால் அவர் தருவதுதான் அளவு. டிசிபியின் எம்எஸ்எஸ்ஸைக் குறைத்துத் தப்பிக்கலாம். அது டிசிபிக்கு மட்டுமே உதவும், அந்தத் திருத்தத்தையும் அதே வன்பொருள் செய்யுமா என்று கேட்க வேண்டும். ஜிஆர்இயிலும் கதை இதுவே. 1500இலிருந்து 24 போக 1476தான் மிச்சம்.

சுமைப் பகிர்வில் ஒரு பொறி உண்டு. ஒரு எல்2டிபி டனலுக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கும் ரவுட்டருக்கு அது ஒரே மூலம், ஒரே இலக்கு, பெரும்பாலும் இருபுறமும் 1701 என்ற ஒரே யுடிபி போர்ட். பல இணைப்புகளைக் கட்டி ஒன்றாக்கிய கற்றையில் அவ்வளவு போக்குவரத்தும் ஒரே இழைமீது விழும். மற்ற இழைகள் வெறுமையாகக் கிடக்கும். எல்ஏசிக்கும் எல்என்எஸ்ஸுக்கும் இடையே பல முகவரிகளில் பல டனல்கள் போடுவதே நடைமுறைத் தீர்வு. டனல் எண்ணிக்கைக்கு வன்பொருள் வரம்பு என்ன என்ற கேள்வி அங்கே திடீரென்று முக்கியமாகிவிடும்.

பழுது வரும்போது வடிவங்களின் வேறுபாடு நேரடியாகத் தெரியும். தனி அட்டை செத்தால் டனல்கள் போகும், கம்பிகள் தொடர்ந்து ஓடும். உள்ளமைந்த வடிவில் எல்என்எஸ் அமர்வுகள் ஒரு குறிப்பிட்ட சிப்பின் மேல் கட்டப்பட்டிருக்கும். அந்த அட்டை செத்தால் அதன் போர்ட்டுகளும் போகும், வேறு அட்டைகள் வழியே வந்து அதில் முடிந்த அமர்வுகளும் சேர்ந்து போகும். பிறகு பல்லாயிரம் வீட்டு ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் மீண்டும் அழைக்கும். ரேடியஸ் சர்வர் திணறும். நொடிக்கு எத்தனை அமர்வுகளை எழுப்ப முடியும் என்ற எண், அப்போது கிகாபிட் எண்ணைவிடப் பெரிதாகத் தோன்றும். எம்எக்ஸில் இரண்டு அட்டைகளின் உள்ளமைந்த இன்டர்ஃபேஸ்களை முதன்மை, மாற்று என்று இணையாகக் கட்டி இதைத் தாங்க வழி உண்டு. அப்படிக் கட்டும்போது மாற்று அட்டையில் அவ்வளவு திறனைச் சும்மா வைத்திருக்க வேண்டும். தனி அட்டையில் நாம் கொடுத்த மாற்று ஸ்லாட்டின் விலை, வேறு பெயரில் திரும்பி வருகிறது.

குறியாக்கம் செய்யும் டனல்கள் வேறு சாதி. ஐபிசெக்கில் ஒவ்வொரு பைட்டையும் கணித்து மாற்ற வேண்டும். இஆர்எக்ஸில் இதற்கு ஐபிசெக் சர்வீஸ் மாட்யூல் தனியாக இருந்தது. எம்எக்ஸில் எம்எஸ்-டிபிசி, எம்எஸ்-எம்பிசி, எஸ்பிசி3 என்று சேவை அட்டைகள் தொடர்ந்து வந்தன. புதிய சிப்புகள் குறியாக்கத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்கியுள்ளன. இருந்தாலும் அந்த வேலைக்குத் தனி அட்டை வைத்தது தவறான முடிவு என்று இன்றுகூடச் சொல்ல முடியாது.

ஐபிவி4 முகவரி பற்றாக்குறையில் பிறந்த டனல்களும் இதே கோட்டில்தான் பிரிகின்றன. 2011இன் ஆர்எஃப்சி 6333 ஆன டிஎஸ்-லைட்டில், வீட்டு ஐபிவி4 பாக்கெட் ஐபிவி6 டனலில் ஏறிச் சேவை நிறுவனத்தின் பெட்டியில் இறங்கி அங்கே முகவரி மாற்றத்துக்கு உள்ளாகிறது. ஒவ்வோர் இணைப்பையும் பெட்டி நினைவில் வைத்திருக்க வேண்டும். 2015இன் ஆர்எஃப்சி 7597 ஆன மேப்-இயில் முகவரி மாற்றம் வீட்டு ரவுட்டரிலேயே நடந்துவிடுகிறது. நடுவிலுள்ள பெட்டி சூத்திரப்படி முகவரியைக் கணக்கிட்டால் போதும், எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஜப்பானில் இரண்டுமே பெருமளவில் புழக்கத்தில் உள்ளன. மேப்-இ உள்ளமைந்த வன்பொருளுக்கு அளவெடுத்துத் தைத்தது. டிஎஸ்-லைட் சேவை அட்டையைக் கேட்கிறது. துண்டான பாக்கெட் வந்தால் மேப்-இயும் தடுமாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதற்குத் தேவையான போர்ட் எண் முதல் துண்டில்தான் இருக்கிறது.

இத்தனை வன்பொருள் எதற்கு, சாதாரண சர்வரிலேயே செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 2016இல் திறந்த மூலமாக வெளியான விபிபி போன்ற மென்பொருள்கள் வந்தபின் சிறு சேவை நிறுவனத்தின் எல்என்எஸ் தேவையைப் பொதுச் சர்வர்களே தாங்கும். அங்கே துண்டு சேர்ப்பு ஒரு பெரிய விஷயமே இல்லை, நினைவகம் ஏராளம். சில பத்து கிகாபிட்டுக்குள் இருப்பவர் பெரிய சேஸி வாங்கக் காரணம் இல்லை என்பதே என் கருத்து. அதற்கு மேல் போனால், சந்தாதாரர் வாரியான வேக வரம்பையும் வரிசைகளையும் தாங்குவதில் சிப்பின் மேன்மை தெளிவாக இருக்கிறது.

ஆகவே தீர்ப்பு இது. எல்என்எஸ், ஜிஆர்இ, மேப்-இ ஆகியவற்றுக்கு உள்ளமைந்த வடிவமே சரியானது, அதன் டனல் சுமையைச் சிப்பின் மொத்தத் திறனிலிருந்து இரு மடங்காகக் கழித்துத் திட்டமிடும்வரை. ஐபிசெக்குக்கும் இணைப்பை நினைவில் வைக்கும் முகவரி மாற்றத்துக்கும் தனி அட்டை இன்னும் தகுதியானது. இஆர்எக்ஸ் பாணிப் பகிர்ந்த போர்ட் மூன்றில் மிகப் பலவீனமானது. தற்காலிகத் தேவைக்கு அப்பால் அதன் மேல் சந்தாதாரர்களை ஏற்றியிருக்கக் கூடாது.

பெட்டி வாங்கும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப் புள்ளியில் “டனலுக்கு வன்பொருள் ஆதரவு” என்ற வரியை ஏற்காதீர்கள். எல்லாப் போர்ட்டும் ஓடும் நிலையில், பாக்கெட்டுகள் துண்டாகி வரும் நிலையில், சந்தாதாரர் வேக வரம்பு போட்ட நிலையில் எத்தனை அமர்வு, எத்தனை கிகாபிட், அட்டையை உருவியபின் எத்தனை நொடியில் மீட்சி என்று எழுத்தில் கேளுங்கள். அதே நிலையில் உங்கள் கண்முன் சோதித்துக் காட்டாத பெட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.